வாழையடியில் இட்ட வெண்தூள்: லேபர் கேம்ப்பிலிருந்து குவாதலூப் வரை

மும்பையின் மாட்டுங்கா லேபர் கேம்ப் தன் பெயரிலேயே தன் வரலாற்றைச் சுமந்து நிற்கும் குடியிருப்பு. தாராவியின் விளிம்பில், உழைப்பாளரைக் குடிவைப்பதற்கென்றே அமைந்த இடம். மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாத்தே வாழ்ந்த இடங்களுள் இதுவும் ஒன்று. தென்மாவட்டங்களிலிருந்து, குறிப்பாகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து, பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பி வந்த தமிழர்கள் இங்கும் தாராவியிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். தோல் பதனிடும் கூடம், பஞ்சாலை, துறைமுகம், நகராட்சித் துப்புரவு என்று அவர்கள் செய்த வேலைகள் பல. அந்த வேலைகளைப் பற்றியும் சங்கங்களைப் பற்றியும் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அந்த வேலை உடலுக்குள் விட்டுச் சென்ற எச்சத்தைப் பற்றிய எழுத்து குறைவு. ஆண் உடலின் அந்தரங்கமான ஓர் உறுப்பைப் பற்றியோ ஏறக்குறைய எதுவுமே இல்லை.

அந்த உறுப்பு புராஸ்டேட் சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயை மோதிரம்போல் சுற்றி அமைந்திருப்பது. கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரியது. ஐம்பதைக் கடந்த ஆண்களில் பலருக்கு இது வீங்கத் தொடங்கும். அந்த வீக்கம் புற்றுநோய் அன்று. ஆனாலும் இரவில் நான்கைந்து முறை எழவேண்டியிருக்கும். நின்றால் வராது, வந்தால் நிற்காது. வீட்டுக்குள் கழிப்பறை உள்ளவருக்கு இது தொல்லை. சந்து முனையின் பொதுக் கழிப்பறையை நம்பி வாழும் முதியவருக்கு இது வதை. மாலைக்குப் பிறகு தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவது அவர் கண்டுபிடிக்கும் வைத்தியம். இதே சுரப்பியில் புற்றுநோயும் தோன்றலாம். அது பெரும்பாலும் மெதுவாக வளர்வது. நெடுங்காலம் வலி காட்டாதது. எலும்புக்குப் பரவிய பிறகு முதுகுவலி என்று ஆளை மருத்துவரிடம் அனுப்புவது. மும்பை உட்பட இந்தியப் பெருநகரங்களின் பதிவேடுகளில் ஆண்களைத் தாக்கும் முன்னணிப் புற்றுநோய்களுள் இன்று இதுவும் ஒன்று.

இந்தச் சுரப்பி ஆண் இயக்குநீரின் சொற்படி நடப்பது என்பதை மருத்துவ உலகம் தெளிவாக அறிந்துகொண்டது 1941இல். சிகாகோவில் சார்ல்ஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும், பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுநோயை விதைநீக்கத்தாலோ பெண் இயக்குநீர் கொடுத்தோ அடக்க முடியும் என்று காட்டினார்கள். இதற்காக ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் பயன்படுத்திய செயற்கைப் பெண் இயக்குநீருக்குப் பெயர் ஸ்டில்பெஸ்ட்ரால். அதை 1938இல் உருவாக்கியது லண்டனில் எட்வர்ட் சார்ல்ஸ் டாட்ஸின் குழு.

இங்கே ஒரு கணம் நிற்கவேண்டும். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1936இல், இதே டாட்ஸ் வேறு பல பொருள்களையும் சோதித்திருந்தார். அவற்றுள் ஒன்று பிஸ்பினால்-ஏ. அதற்கும் பெண் இயக்குநீரின் குணம் உண்டு, ஆனால் வலிமை குறைவு என்று கண்டார். ஸ்டில்பெஸ்ட்ரால் மருந்துக் கடைக்குப் போயிற்று, பிஸ்பினால்-ஏ காத்திருந்தது. 1953இல் பாலிகார்பனேட் என்னும் கண்ணாடி போன்ற நெகிழி கண்டுபிடிக்கப்பட்டபோது, அதைச் செய்வதற்கான மூலப்பொருளாகப் பிஸ்பினால்-ஏ திரும்பி வந்தது. பால்புட்டி, பெரிய தண்ணீர்க் குடுவை, உணவு டப்பாக்களின் உட்பூச்சு என்று உலகமெங்கும் பரவியது. இயக்குநீர்போல் நடிக்கும் என்று எழுதிவைக்கப்பட்டிருந்த ஒரு பொருள், அந்தக் குறிப்பை யாரும் பொருட்படுத்தாத நிலையில், சமையலறைக்குள் வந்து அமர்ந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் குழந்தைகளின் பால்புட்டியிலிருந்து பாலிகார்பனேட்டை விலக்கியது 2015இல். ஐரோப்பிய ஒன்றியம் உணவோடு தொடர்புடைய பொருள்களில் பிஸ்பினால்-ஏவைத் தடை செய்தது 2024 டிசம்பரில். டாட்ஸின் குறிப்புக்கும் இந்தத் தடைக்கும் இடையே 88 ஆண்டுகள்.

உடலின் நாளமில்லாச் சுரப்பிகள் அனுப்பும் செய்தியைக் குலைக்கும் இத்தகைய வேதிப்பொருள்களுக்கு ஹார்மோன் குலைப்பிகள் என்று ஒரு குடும்பப் பெயர் 1990களில் வழங்கலாயிற்று. சில, இயக்குநீரைப்போல் நடிக்கும்; சில, அதன் இருக்கையை அடைத்துக்கொள்ளும்; சில, அது சுரப்பதையே குறைக்கும். நச்சு என்றால் உடனே வாந்தியும் மயக்கமும் வரவேண்டும் என்பது பொதுப் புரிதல். இவை அப்படிச் செயல்படுவதில்லை. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் பட்ட சிறு அளவு, முதுமையில் விளைவு காட்டக்கூடும். அமெரிக்காவில் கெயில் பிரின்ஸும் அவருடன் பணியாற்றியோரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த சில நாள்களிலேயே சிறிதளவு பிஸ்பினால்-ஏ கொடுக்கப்பட்ட எலிகளின் புராஸ்டேட், வளர்ந்த பிறகு புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களுக்கு எளிதில் ஆளானது. எலியில் கண்டது மனிதனில் உறுதிப்படுவதற்கு இன்னும் வழி இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அச்சமூட்டும் காணொளிகள் இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வதில்லை.

உணவின் கதையும் இதேபோல் நேர்கோடாகச் செல்வதில்லை. ஜப்பானில் புராஸ்டேட் புற்றுநோய் அரிதாக இருந்த காலத்தில், அங்கிருந்து ஹவாய்க்கும் அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்தவர்களிடமும் அவர்களுடைய மக்களிடமும் அது கூடியது. அதே காலத்தில் பிணக்கூராய்வு செய்தவர்கள் கண்டது இன்னும் வியப்பானது: அறிகுறி காட்டாமல் சுரப்பிக்குள் உறங்கும் சிறு புற்றுக்கட்டிகள் நாட்டுக்கு நாடு அவ்வளவாக வேறுபடவில்லை, அவை விழித்தெழுவதுதான் வேறுபட்டது. விழிக்கச் செய்வது எது என்ற தேடலில் கொழுப்பு, இறைச்சி, பால், உடற்பருமன் என்று ஒவ்வொன்றாகக் குற்றக்கூண்டில் ஏற்றப்பட்டன. தக்காளியும் சோயாவும் சாட்சிக்கு அழைக்கப்பட்டன. மாத்திரையாகவே கொடுத்துப் பார்த்துவிடலாம் என்று 2001இல் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு ஒரு பெரும் ஆய்வு வட அமெரிக்காவில் தொடங்கிற்று. செலினியமும் வைட்டமின் ஈ-யும் கொடுத்தார்கள். 2008இல் மாத்திரையை நிறுத்தினார்கள். 2011இல் வந்த முடிவு, வைட்டமின் ஈ மட்டும் உண்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியிருந்தது என்று சொன்னது. தட்டில் இருப்பதை மாத்திரைக்குள் அடைக்க முயன்றவர்களுக்கு இது நல்ல பாடம்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை தட்டில் என்ன உணவு இருந்தது என்று கேட்டன. அந்த உணவு எந்த மண்ணில் விளைந்தது, அந்த மண்ணில் யார் எதை இட்டார்கள் என்ற கேள்விக்கு விடை தேட, தமிழர் உழைப்பு வரலாற்றின் வேறொரு கிளைக்குப் போகவேண்டும். பம்பாய்க்கு ரயிலேறியவர்களுக்கு முன்பே கப்பலேறியவர்களின் கிளை அது.

கரீபியன் கடலில் பிரான்சின் ஆளுகையில் உள்ள மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளைத் திரட்டி, ‘டிப்போ’வில் வைத்துக் கப்பலேற்றினார்கள். ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கையும், 1854 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில், குவாதலூப்பையும் அடைந்தது. அதன்பின் 1880களின் இறுதிவரை குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 இந்தியர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் கணிசமானோர். மொழி கைநழுவிப் போயிற்று. மாரியம்மன் மட்டும் ‘மாலியேமின்’ ஆகித் தங்கினாள். குழம்பு ‘கொலோம்போ’ என்ற பெயரில் தீவின் பொது உணவாயிற்று. குவாதலூப்பின் கபெஸ்தேர் ஊரில் 1863இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வேண்டி 1904இல் தொடங்கி 1923வரை போராடி வென்றார்.

இருபதாம் நூற்றாண்டில் கரும்பின் இடத்தைப் பல பகுதிகளில் வாழை பிடித்தது. குவாதலூப்பில் கபெஸ்தேர், மார்த்தினிக்கில் பாஸ்-புவாந்த் ஆகிய இரண்டும் வாழைக்குப் பெயர்பெற்றவை. இரண்டும் தமிழ் வம்சாவளியினர் செறிந்து வாழும் ஊர்கள். அடிமைகளாக வந்த ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்களும் கூலிகளாக வந்த தமிழர்களின் வழித்தோன்றல்களும் ஒரே வரிசையில் நின்று அங்கே தார் வெட்டினார்கள்.

வாழைக்குக் கிழங்குக் கூன்வண்டு என்று ஒரு பகை உண்டு. தமிழக விவசாயிகளும் அறிந்த பூச்சிதான். கிழங்கைக் குடைந்து தின்னும். காற்றடித்தால் மரம் சாயும். அதைக் கொல்ல 1972 முதல் இத்தீவுகளில் அனுமதிக்கப்பட்டது குளோர்டெக்கோன். ஒரே மூலக்கூறில் பத்துக் குளோரின் அணுக்களைக் கூண்டுபோல் அடுக்கிய பொருள் அது. மண்ணில் எளிதில் சிதையாது. நீரில் மெல்ல மெல்லக் கசியும். நூற்றுக்கு ஐந்து பங்கு வீதம் கலந்த வெண்தூளாக அது வந்தது. வாளியில் ஏந்திச் சென்று, ஒவ்வொரு வாழையின் அடியிலும் கையால் தூவினார்கள். தூவியவர்களில் பெண்கள் பலர். கையுறை பற்றி யாரும் பேசவில்லை.

அந்தத் தூள் என்ன செய்யும் என்பது ரகசியமாக நீடித்த காலம் மிகக் குறுகியது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஹோப்வெல் என்னும் சிற்றூரில் அதே பொருள் ‘கெப்போன்’ என்ற பெயரில் தயாரிக்கப்பட்டது. 1975இல் அந்த ஆலைத் தொழிலாளர்கள் கை நடுங்கி, கண்கள் நிலைகொள்ளாமல், நடை தள்ளாடி மருத்துவர்களிடம் வந்தார்கள். சிலருடைய விந்தணுக்கள் குறைந்திருந்தன. ஆலை அந்த ஆண்டே மூடப்பட்டது. ஜேம்ஸ் ஆற்றில் மீன்பிடிப்பது தடை செய்யப்பட்டது. 1979இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் வைத்தது. அமெரிக்காவில் கதை முடிந்தது. கரீபியனில் முடியவில்லை. 1981இல் ‘கூர்லோன்’ என்ற புதுப் பெயரில், பிரேசிலில் தயாரித்த சரக்கைக் கொண்டு அது மறுபடியும் தோட்டங்களுக்கு வந்தது. பிரான்ஸ் 1990இல் தடை விதித்தபோதும், தீவுகளுக்கு மட்டும் விதிவிலக்கு அளித்து 1993வரை பயன்படுத்த விட்டார்கள். இருபதாண்டுகளில் இரு தீவுகளின் மண்ணிலும் சேர்ந்தது சுமார் 300 டன்.

ஹோப்வெல் ஆலை மூடப்படுவதற்கும் முன்பே அந்தத் தூளை வேண்டாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 1974 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மார்த்தினிக்கின் வாழைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு, நச்சு மருந்துகளை நிறுத்தவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் இருந்தது. பிப்ரவரி 14 அன்று பாஸ்-புவாந்த் ஊரின் ஷால்வே தோட்டத்தில் போலீசார் சுட்டார்கள். ஒரு தொழிலாளி இறந்தார்; சில நாள்களில் இன்னொருவரின் உடல் கிடைத்தது. அன்று அந்தத் தொழிலாளர்களிடம் ஆய்வுக்கூடம் இல்லை; இரத்தத்தில் அளந்த எண் இல்லை. தங்கள் தோலும் மூச்சும் சொன்னதை அவர்கள் கோரிக்கைத் தாளில் எழுதினார்கள். அறிவியல் அவர்களை எட்டிப்பிடிக்க 36 ஆண்டுகள் ஆயின.

அந்த இடைக்காலத்தில் தூள் மண்ணிலிருந்து தட்டுக்கு வந்துவிட்டது. 1999, 2000 ஆண்டுகளில் குடிநீர் ஊற்றுகளை முறையாகச் சோதித்தபோதுதான் அளவு தெரிந்தது. சில ஊற்றுகள் மூடப்பட்டன. மற்றவற்றில் கரி வடிகட்டிகள் பொருத்தப்பட்டன. இன்னும் கொடுமையானது உணவு. வாழைப்பழத்துக்குள் இந்த நஞ்சு அவ்வளவாக ஏறுவதில்லை. ஏற்றுமதிப் பழம் ஏறக்குறையச் சுத்தமாகவே ஐரோப்பாவுக்குப் போயிற்று. மண்ணுக்குள் விளையும் சேம்பு, வள்ளி, சர்க்கரைவள்ளி ஆகியவை நஞ்சை உறிஞ்சின. கொல்லையில் மேய்ந்த கோழியின் முட்டையிலும், ஓடையின் இறாலிலும், கரையோர மீனிலும் அது ஏறியது. பணமுள்ளவர் கப்பலில் வந்திறங்கிய உணவை வாங்கினார். ஏழை தன் கொல்லைக் கிழங்கையும் தான் பிடித்த மீனையும் உண்டார். ‘வீட்டுத் தோட்டத்துக் காய்கறியே உடம்புக்கு நல்லது’ என்ற, உலகில் எங்கும் பழுதில்லாத அறிவுரை அந்தத் தீவுகளில் நஞ்சாயிற்று. கொல்லைப் பயிர் செய்யும் குடும்பங்களுக்கென அரசு தனித் திட்டமே தொடங்கியது: மண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள், கெட்ட மண்ணின் கிழங்கை வாரத்தில் இருமுறைக்கு மேல் உண்ணாதீர்கள் என்று. 2013, 2014 ஆண்டுகளில் இரத்தம் சோதிக்கப்பட்டபோது, இரு தீவுகளிலும் வயது வந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குளோர்டெக்கோன் இருந்தது.

புராஸ்டேட்டுடன் இதை இணைத்த ஆய்வு 2010இல் வந்தது. லுக் முல்திஞே, பாஸ்கல் பிளான்ஷே ஆகியோரின் குழு, குவாதலூப்பில் புராஸ்டேட் புற்றுநோயாளர் 623 பேரையும், நோயற்றோர் 671 பேரையும் ஒப்பிட்டது. இரத்தத்தில் இந்த நஞ்சு மிகுதியாக இருந்தவர்களிடம் நோயின் வாய்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு. குடும்பத்தில் ஏற்கெனவே இந்நோய் இருந்தவர்களிடமும், சிலகாலம் மேலை நாடுகளில் வாழ்ந்து திரும்பியவர்களிடமும் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்தது. இந்த இரண்டாவது குறிப்பு கவனிக்கத்தக்கது. வேதிப்பொருள் தனியாக வேலை செய்வதில்லை. வாழ்ந்த நாடும் அந்நாட்டின் உணவும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன என்று எண்ண அது இடம் தருகிறது. குளோர்டெக்கோன் பெண் இயக்குநீரின் ஏற்பிகளில் ஒட்டிக்கொள்வது என்பது முன்பே தெரிந்திருந்ததால், உயிரியல் அளவிலும் இம்முடிவு நம்பத்தக்கதாயிற்று.

எதிர்வாதமும் எழுந்தது, அதில் நியாயமும் உண்டு. ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களிடம் இந்நோய் எங்கும் கூடுதல். கரீபியன் தீவுகளில் இது மிகுதி என்பதற்குக் குளோர்டெக்கோன் மட்டும் காரணமாக முடியாது என்றார்கள். உண்மைதான். ஆனால் குவாதலூப் ஆய்வு தீவையும் பிரான்சையும் ஒப்பிடவில்லை. தீவுக்குள்ளேயே ஒருவரையும் அவர் அண்டைவீட்டாரையும் ஒப்பிட்டது. வம்சாவளி என்ற விளக்கம் அந்த இடத்தில் வலுவிழக்கிறது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்பதால், அந்த 1.8ஐ அப்படியே பெயர்த்துத் தமிழ் வம்சாவளியினர் மீது ஒட்டுவதும் பிழையாகும். அவர்கள் பகிர்ந்துகொண்டது மண்ணையும் நீரையும் கிழங்கையும்.

2006இலும் 2007இலும் தீவுகளின் அமைப்புகள் தொடுத்த குற்றவழக்கை, 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் தள்ளுபடி செய்தார்கள். நடந்தது பொதுச் சுகாதார அவலம் என்று ஒப்புக்கொண்டே, காலம் கடந்துவிட்டது என்றார்கள். அதற்குச் சற்று முன், 2021 டிசம்பரில், பூச்சிமருந்தால் வரும் புராஸ்டேட் புற்றுநோயை வேளாண் தொழிலாளரின் தொழில்நோயாகப் பிரான்ஸ் அறிவித்திருந்தது. பத்தாண்டு வேலை செய்திருக்கவேண்டும். வேலையை விட்டு நாற்பது ஆண்டுக்குள் நோய் வந்திருக்கவேண்டும். நாற்பது என்ற எண் தாராளமாகத் தோன்றலாம். இந்நோய் வர எடுத்துக்கொள்ளும் காலத்தை அறிந்தவர்கள் எழுதிய எண் அது.

இந்தியாவில் இதற்கு நெருக்கமான கதை கேரளத்தின் காசர்கோடு. அரசு முந்திரித் தோட்டங்களின் மேல் இருபதாண்டுக்கு மேலாக ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நல நிறுவனம் அங்கே 117 சிறுவர்களை, நஞ்சு படாத ஊரின் 90 சிறுவர்களோடு ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வு, பருவமடைதல் தாமதப்பட்டதையும் ஆண் இயக்குநீர் குறைந்ததையும் காட்டியது. எட்டாண்டுகளுக்குப் பிறகு, 2011 மே மாதம், உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் எண்டோசல்பானைத் தடுத்தது.

லேபர் கேம்ப்பில் தோட்டம் இல்லை. ஆனால் தாராவியின் மறுகோடியில், நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், 13வது காம்பவுண்ட் இருக்கிறது. மும்பை வீசியெறியும் நெகிழி அங்கே நிறம் பார்த்தும் தரம் பார்த்தும் பிரிக்கப்படுகிறது; கிரைண்டரில் நொறுங்குகிறது; கழுவிக் கூரைமேல் உலர்கிறது; உருகிக் கம்பியாக வந்து, சிறு மணிகளாக வெட்டுப்படுகிறது. அந்த மணிக்குத் தொழிலில் ‘தானா’ என்று பெயர். இந்தியில் தானியமணி என்று பொருள். எதை எரித்து முகர்ந்தால் எந்த நெகிழி என்று சொல்லிவிடும் தேர்ச்சி அங்குள்ள பழைய தொழிலாளர்களுக்கு உண்டு. முகர்ந்து அறிவதுதான் அந்தத் தொழிலின் கல்வி. முகர்வதுதான் அதன் ஆபத்தும். பி.வி.சி. நெகிழியை வளையச் செய்யச் சேர்க்கும் தாலேட்டுகள் ஆண் இயக்குநீர் சுரப்பதைக் குறைப்பவை என்று விலங்காய்வுகள் காட்டியிருக்கின்றன. உடைந்த பாலிகார்பனேட்டில் டாட்ஸ் சோதித்த அதே பிஸ்பினால்-ஏ இருக்கிறது. பரோமிதா சக்ரவர்த்தியின் குழு டெல்லி, கொல்கத்தா, மும்பை, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலும் மின்கழிவைப் பிரிக்கும் பட்டறைகளின் மண்ணைச் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் தாலேட்டும் பிஸ்பினால்-ஏவும் பதிவாகியிருக்கின்றன. மண்ணில் இருப்பது பட்டறைக்காரரின் மூச்சிலும் உள்ளங்கையிலும் படாமல் இருக்க வழியில்லை.

இதை அப்படியே குவாதலூப்போடு சமமாக வைப்பது தவறு. குளோர்டெக்கோன் இரத்தத்திலிருந்து பாதியாகக் குறையவே மாதங்கள் ஆகும். பிஸ்பினால்-ஏவும் தாலேட்டும் பெரும்பாலும் ஓரிரு நாளில் சிறுநீரோடு வெளியேறுபவை. ஆகவே இங்கே விட்டகலும் வழி உண்டு: சூடான சாம்பாரையும் டீயையும் நெகிழிப் பையில் கட்டிவாங்காமல் தூக்குவாளியைக் கொண்டுபோனால், சில நாளிலேயே உடலில் இவற்றின் அளவு இறங்கத் தொடங்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் பத்து மணிநேரம் உருக்கு இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு, நேற்றுப் பட்டது வெளியேறும் முன்பே இன்றையது வந்துவிடுகிறது. அவருடைய இரத்தத்தில் அது என்றும் இருக்கும். தூக்குவாளி அவருக்குப் போதாது; காற்றுப்போக்கியும் முகமூடியும் வேண்டும்.

எண்ணிப் பார்க்கும் மரபு மும்பைக்குப் புதிதன்று. இந்தியாவின் முதல் மக்கள்தொகைசார் புற்றுநோய்ப் பதிவேடு 1963இல் இந்நகரில்தான், இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தால், மருத்துவர் டி. ஜே. ஜஸ்ஸாவாலாவின் முயற்சியில் தொடங்கிற்று. பார்சிப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடுதல் என்பதைப் போன்ற, சமூகத்துக்குச் சமூகம் மாறும் வேறுபாடுகளை உலகுக்குக் காட்டியவை பம்பாயின் கணக்குகள். தொழிலுக்குத் தொழில் அதே ஒப்பீட்டைச் செய்ய வேறொரு கணக்கும் வேண்டும்: யார், எங்கே, எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்ற கணக்கு.

லேபர் கேம்ப்பின் பழைய நகராட்சித் தொழிலாளிக்கு அந்தக் கணக்கு உண்டு. தினமும் வருகை பதிந்த மஸ்டர் இருக்கிறது. ஓய்வூதியத் தாள் இருக்கிறது. இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை என்று அவர் நிறுவ முடியும். 13வது காம்பவுண்டின் தொழிலாளி வாரக் கூலியைக் கையில் வாங்குகிறார். பட்டறை கைமாறும், முதலாளி மாறுவார், பெயர்ப்பலகையும் போய்விடும். பிரான்சின் அந்தத் தொழில்நோய்ச் சட்டமே நாளை இங்கு வந்தாலும், அது கேட்கும் பத்தாண்டை அவர் எந்தத் தாளைக் காட்டி நிறுவுவார்? வாழைத் தோட்டங்களில் வேலை செய்து முதுமையடைந்தவர்களில் பலர் இன்று அங்கே தேடிக்கொண்டிருப்பதும் அதே தாளைத்தான்.